மாசாமாசம் பூச்சி மாத்திரை

எங்கள் ஊர் கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த அந்த அக்காவுக்கு ரகசியம் பேச வராது. மனசு வராமல் இல்லை, தொண்டை அப்படி. மருந்து ஜன்னலுக்குள் இருந்து அவள் பையச் சொல்லுகிற விஷயத்துக்கு வெளிவாசலில் நிற்கிற ஆட்டோக்காரர் பதில் சொல்லுவார். ஆற்றில் குளிக்கிறவர்களுக்கும் கேட்கும் என்று எங்கள் அம்மா சொல்வாள். ஆஸ்பத்திரிக்கும் தாமிரபரணிக்கும் நடுவே ரெண்டு வாழைத்தோப்பு இருக்கிறது. ஆகையால் அம்மா சொன்னதில் பாதியை நம்பலாம்.

ஜன்னலுக்கு மேலே 'மருந்தாளுநர்' என்று போர்டு தொங்கும். அதை வாசித்தவர்கள் குறைவு, அப்படிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. ஊருக்கு அவள் கம்பவுண்டரம்மா, எனக்கு அக்கா. நாற்பது வயசு இருக்கும். முகத்துக்குப் பவுடர் போட்டுவிட்டுக் கழுத்தை மறந்துவிடுவாள். ஸ்ரீவைகுண்டத்தில் இருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கும்போதே, "ஏளா, முழங்கால் வலிக்கு எண்ணெய் வந்திருக்கு, பாட்டில் கொண்டாங்க" என்று ரோட்டில் போகிறவர்களுக்குச் செய்தி வாசித்துக்கொண்டே வருவாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாத்திரைகள் பெரிய டப்பாக்களில் உதிரியாக வரும். அவற்றைக் காகிதத்தில் மடித்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மடிப்பின் மேல் ஒரு சூரியனோ பிறையோ வரைந்து கொடுப்பாள். தண்ணி மருந்துக்கு அவரவர் பாட்டில் கொண்டுபோக வேண்டும். மூக்கில் வைத்து முகர்ந்து பார்க்காமல் ஊற்றமாட்டாள். ஒருவர் நீட்டிய பாட்டிலை முகர்ந்துவிட்டு, "இதுல நேத்து என்ன இருந்துச்சுன்னு நான் சொல்லட்டா, நீரே சொல்லுதீரா வே?" என்று கேட்டாள். அவர் பாட்டிலையும் இருமலையும் எடுத்துக்கொண்டு போனவர்தான், அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

மருந்து கொடுக்கும்போது இன்ன மருந்து, இன்ன சீக்குக்கு, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் கத்திச் சொல்லித்தான் கொடுப்பாள். எங்கள் ஊரில் வாழைத்தார் கமிஷன் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவருக்கு ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உண்டு. அவர் முறை வந்தால் வரிசையே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்.

"சுகர் மாத்திரை! சோத்துக்கு முந்தி ஒண்ணு! அண்ணாச்சி, கருப்பட்டிக் காப்பியை விட்டாத்தான் இது வேலை செய்யும். உடன்குடிக் கருப்பட்டின்னா மட்டும் சீனி இல்லாமப் போயிருமா?"

அண்ணாச்சிக்குப் பரவாயில்லை. மூலத்துக்குக் களிம்பு வாங்க வந்த பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர், தனக்கு முன்னால் நின்றவருக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு, யாரையோ தேடி வந்தவர் மாதிரி அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டு நழுவிப் போய்விட்டார். களிம்பை அவர் வெளியில்தான் வாங்கியிருப்பார். வலியோடு துட்டும் போயிருக்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினேழு வயசில் இருந்தே எனக்கு வலிப்பு வரும். இப்போது எழுதுவது சுலபமாக இருக்கிறது. அப்போது அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அம்மா இடுப்பில் எப்போதும் ஒரு பெரிய சாவிக்கொத்து கிடக்கும். அத்தனை சாவிக்கு எங்கள் வீட்டில் பூட்டு கிடையாது. எனக்கு எங்கேயாவது இழுத்தால் கையில் இரும்பைத் திணிக்க வேண்டும் என்பதற்காகச் சுமந்தாள்.

மாத்திரை வாங்கத் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போவோம். உள்ளூரில் வாங்கினால் விஷயம் வெளியே வந்துவிடும். பாளையங்கோட்டையிலும் முடியாது, அங்கே அத்தை மகன் மருந்துக்கடையில் வேலை பார்த்தான். அப்பாவுக்கு அரிசி மில்லில் வேலை. மில் ஓடாத மாசங்களில் மாத்திரை வாங்கக் கை வராது. "இன்னைக்கு நல்லாத்தான இருக்கே, ஒரு வேளை விட்டா என்ன" என்று அம்மா ரெண்டு வேளையை ஒரு வேளையாக்குவாள், அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாளாக்குவாள். எனக்கு இழுத்ததெல்லாம் மில் நின்ற மாசங்களில்தான். அம்மா ஒப்புக்கொள்ளமாட்டாள், அமாவாசை என்பாள்.

ஒரு தடவை ஜங்ஷனில் மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். வழியில் அக்கா ஏறி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மருந்துக்கடைக் கவர் எங்கே இருந்தாலும் அக்கா கண்ணுக்குத் தப்பாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனார் சட்டைப்பையில் எட்டிப் பார்த்த மாத்திரை அட்டையை உருவி, "இதை எதுக்கு வெளிய வாங்குதிய?" என்று பந்தியில் வைத்துக் கேட்டவள். அன்றைக்கும் பேசிக்கொண்டே அம்மாவின் கூடைக்குள் கையை விட்டாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏக்கா! இது நம்மட்டயே இருக்குல்லா? இது வலி..."

அம்மா அவள் வாயைப் பொத்திவிட்டாள். அந்த வாயைப் பொத்திய ஒரே ஆள் எங்கள் அம்மாதான். கண்டக்டர் விசில் ஊத மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் வந்ததும் மூன்று பேரும் இறங்கி, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஆளில்லாத இடமாகப் போய் நின்றோம். அம்மா அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓசி மருந்து வேலை செய்யுமா?" என்று கேட்டாள். கேட்டிருக்கக்கூடாது.

"ஓசியா? காலையில அடுப்புப் பத்தவச்ச தீப்பெட்டிக்கு வரி குடுத்தியளா இல்லையா? சோப்புக்கு? சினிமா டிக்கெட்டுக்கு? அந்தத் துட்டுலதான் சர்க்கார் மருந்து வாங்குது. ஜங்ஷன்காரன் ஒத்த ஒத்த அட்டையா விக்கான், சர்க்கார் லாரி லாரியா வாங்குது, அதான் விலை படியுது. துட்டை முன்னாலயே குடுத்தாச்சு. சாமானைக் கடையிலயே விட்டுட்டு வாரேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

"அதுக்கில்ல, உன் வாயை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

அக்கா கையில் இருந்த அட்டையை அம்மாவின் கூடைக்குள் திரும்பப் போட்டாள். பிறகு அவளால் முடிந்த அளவுக்குத் தணிந்து சொன்னாள்.

"நான் என்ன, கொழுப்பெடுத்தா கத்துதேன்? ஒருத்தருக்குக் குடுக்கையில கத்துனா, வரிசையில நிக்கவங்களுக்கு இந்த மருந்து இங்கன இருக்குன்னு தெரியும்லா? இந்த மாத்திரையைக் கேட்டு ஆளே வாரதில்ல. போன தடவை டப்பா டப்பாவா காலாவதியாப் போச்சு. வாங்க ஆளில்லன்னா அடுத்த வருஷம் இதை அனுப்பமாட்டாங்க. இந்த ஊர்ல சீக்கா இல்ல? எல்லாரும் உங்களை மாதிரி ஒளிஞ்சு ஒளிஞ்சு ஜங்ஷனுக்குப் போனா நான் என்ன செய்ய?"

வீட்டுக்குக் கொண்டுவந்து தரும்படி அம்மா கேட்டாள். அதற்கு அக்கா மசியவில்லை. டாக்டரிடம் சீட்டு வாங்கி ஜன்னலுக்குத்தான் வர வேண்டும். கத்தாமலும் இருக்கமாட்டாள், கத்தாமல் கொடுத்தால்தான் ஊருக்குச் சந்தேகம் வருமாம். கடைசியில் சீக்கின் பேரை மட்டும் மாற்றிச் சொல்லச் சம்மதித்தாள்.

மறுநாள் டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. அக்கா என்னைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், மூச்சை இழுத்தாள்.

"பூச்சி மாத்திரை! காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு! மாசம் பூராவும்!"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் சொன்ன முதல் பொய். எனக்குப் பின்னால் நின்ற கமிஷன் கடை அண்ணாச்சிக்கு அது சரியாகப் படவில்லை.

"பூச்சிக்கு ஒத்த மாத்திரைதான குடுப்பிய? இது என்ன மாசம் பூராவும்?"

"அந்தப் பிள்ளை வயித்துல அவ்வளவு பூச்சி, அண்ணாச்சி!"

வரிசை என் வயிற்றைப் பார்த்தது. மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அவமானம்தான், ஆனால் அன்றில் இருந்து ஒரு வேளைகூட மாத்திரை தப்பவில்லை. மில் நின்றது, ஓடியது, மறுபடி நின்றது. அமாவாசைகள் வந்து போயின. எனக்கு இழுக்கவில்லை. அம்மா சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிவிட்டு ஒரு நாள் கடைக்குப் போய் வந்தாள்.

ஏழெட்டு மாசம் கழித்து ஒரு வரன் வந்தது. எல்லாம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளையின் தாயார் பலகாரத்தைத் தின்றுகொண்டே, "பிள்ளைக்குப் பூச்சியெல்லாம் போயிட்டா?" என்று கேட்டாள். அந்த அம்மாவும் ஏதோ ஒரு மாசம் அந்த வரிசையில் நின்றிருக்கிறாள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். பூச்சி உடம்புக்காரிக்குப் பிள்ளை தங்காது என்று சொல்லியும் அனுப்பினார்கள். வலிப்பு என்று தெரிந்தால் யாரும் கட்டமாட்டார்கள் என்று பயந்து பயந்து ஒளித்தோம். கடைசியில் இல்லாத பூச்சியால் போயிற்று.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு, மத்தியான ஆளில்லாத நேரம் பார்த்து மருந்து ஜன்னலுக்குச் சண்டைக்குப் போனாள்.

"ஒனக்கு வேற சீக்கே கிடைக்கலையா? பூச்சியா சொல்லுவ?"

அக்கா தயிர்சாதத்தை மூடி வைத்தாள். "அப்ப நீங்களே ஒரு நல்ல சீக்கா சொல்லுங்க. அதையே கத்துதேன்."

கல்யாண வயசில் உள்ள பெண்ணுக்கு எந்தச் சீக்கு இருந்தால் கௌரவம் என்று நாங்கள் மூன்று பேரும் யோசித்தோம். தலைவலி என்றால் மாமியாரிடம் நடிப்பாள் என்பார்கள். ரத்தம் கம்மி என்றால் தாய் வீட்டில் சோறு போடவில்லையா என்று கேட்பார்கள். அல்சர் என்றால் அங்கே போய்ச் சமைக்கமாட்டாள். சளி என்று நான் சொன்னேன், ரெண்டு பேரும் என்னை முறைத்தார்கள், மாசாமாசம் சளி என்றால் அது வேறு சீக்காகிவிடுமாம். முக்கால் மணி நேரம் போராடி, சத்து மாத்திரை என்று முடிவானது. சத்து யாருக்கும் இருக்கலாம், சீக்கே இல்லை என்று அம்மா சந்தோஷமாக எழுந்தாள்.

அங்கேதான் தப்பு செய்தோம். சத்து என்றால் எங்கள் ஊரில் யார்தான் வேண்டாம் என்பார்கள்? மாத்திரைகள் அப்போது சர்க்கார் முத்திரை போட்ட அட்டைகளில் வரத் தொடங்கியிருந்தன. எனக்கு ஒரு அட்டை கைமாறியதும் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் அதையே கேட்டார்கள். அக்கா அவர்களுக்கு நிஜமான சத்து மாத்திரையைக் கொடுத்தாள். அது மஞ்சள். என்னுடையது வெள்ளை.

"அவளுக்கு வெள்ளை, எங்களுக்கு மஞ்சளா?" என்று பேச்சு தொடங்கியது. வெள்ளைதான் ஒசத்தி, அதைச் சாப்பிட்டுத்தான் அந்தப் பிள்ளை இப்படித் தெளிவாக இருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். நான் தெளிந்திருந்தது என்னமோ உண்மை. அடுத்த மாசம் நான் போனபோது வரிசை, வரிசையாக இல்லை. ஜன்னலைச் சுற்றிக் கூட்டமாக நின்றது. முன்னால் அண்ணாச்சி, கையில் மஞ்சள் அட்டை.

"நல்ல மருந்தை ஒளிச்சு வச்சு வேண்டியவங்களுக்குக் குடுக்கியளோ? சர்க்கார் மருந்து எல்லாருக்கும் பொதுன்னு நீங்கதான கத்துவிய?"

சத்தம் கேட்டுப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த டாக்டர் வெளியே வந்தார். என் கையில் இருந்த சீட்டை வாங்கிப் பார்த்தார், என்னையும் பார்த்தார். புரிந்துகொண்டார். "சரியான மருந்துதான் குடுத்திருக்காங்க. எல்லாரும் வரிசையில நில்லுங்க" என்றார்.

"சரியான மருந்துன்னா பேரைச் சொல்லட்டுமே!" அண்ணாச்சி விடவில்லை. "எல்லா மருந்துக்கும் கத்துதவங்களுக்கு இதுக்கு மட்டும் என்ன வாயில கொழுக்கட்டையா? பெரிய ஆபீசுக்கு எழுதிப் போடுவோம், இவங்களை மாத்தட்டும்."

கூட்டத்தில் ரெண்டு பேர், கையெழுத்துப் போட நாங்களும் வாரோம் என்றார்கள்.

நான் அக்காவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. அந்த வார்த்தையை அவள் தொண்டைக்குக் கொடுத்திருந்தால் ஆட்டோக்காரர் வரை கேட்டிருக்கும், பழியும் தீர்ந்திருக்கும். வேலைக்கு வந்த நாளில் இருந்து எதையும் ஒளிக்காதவள் என்ற ஒன்றுதான் அவளுக்குப் பெருமை. அதைத்தான் அங்கே கிழித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக்கி மூடியிருந்தாள். கன்னம் துடித்தது. என்னைப் பார்க்கக்கூட இல்லை, பார்த்தால் நான் சொல்லிவிடுவேன் என்று பயந்தாள் போலிருக்கிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. கத்திவிட்டேன். அவளிடம் ஒரு வருஷமாக மருந்து வாங்கிய பழக்கம்.

"அது சத்து மாத்திரை இல்ல அண்ணாச்சி! வலிப்பு மாத்திரை! எனக்கு வலிப்பு வரும். பூச்சியும் கிடையாது, சத்தும் கிடையாது. வீட்ல வெளிய தெரியக்கூடாதுன்னு சொன்னாங்க, அதுக்காக அக்கா மாத்திச் சொன்னா. இதை ஒழுங்கா முழுங்குனதுல இருந்து ஒரு வருஷமா எனக்கு வரல."

அண்ணாச்சி மஞ்சள் அட்டையைச் சட்டைப்பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். ஜன்னலுக்குள் இருந்து அக்காவின் குரல் வந்தது. கிட்டத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

"ஏட்டி, பையச் சொல்லப்படாதா?"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பவுடர் போட்ட கன்னத்தில் கோடு விழுந்தது.

அப்போது கூட்டத்துக்குப் பின்னால் இருந்து ஒரு அம்மா விலக்கிக்கொண்டு வந்தாள். ஆற்றுக்கு அக்கரை ஊர், வாழைத்தோப்பில் தார் சுமக்கிறவள். கையில் முழங்கால் எண்ணெய்க்கான பாட்டில்.

"தாயி, அந்த மாத்திரையா இங்கன குடுக்காங்க? எம் மவளுக்கும் அதுதான். வெளிய வாங்கி ஒண்ணை மூணாப் பிச்சுக் குடுக்கேன். வாரத்துக்கு ரெண்டு தடவை இழுத்துருது. அடுப்புப் பக்கம் விடுததில்ல, ஆத்துப் பக்கம் விடுததில்ல. வீட்டுக்குள்ளயே கிடக்கா."

நீங்கள் இங்கே வந்ததே இல்லையா என்று டாக்டர் கேட்டார்.

"மாசாமாசம் எண்ணெய்க்கு வாரனே. போன மாசம்கூட இந்தப் பிள்ளைக்கு நாலு ஆள் பின்னாலதான் நின்னேன். சத்து மாத்திரைன்னுல்லா சொன்னாங்க?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஒரு வருஷம் வளர்த்த பூச்சி அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டிய எத்தனை மாத்திரையைத் தின்றிருக்கும் என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள், ஆணியில் கிடந்த சாவிக்கொத்தில் இருந்து பூட்டில்லாத சாவிகளைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாள். எனக்குக் கல்யாணம் ரெண்டு வருஷம் கழித்து நடந்தது. பெண் பார்க்க வந்தவரிடம் அம்மாவே முதலில் சொன்னாள். அவர், "மாத்திரை ஒழுங்காக் கிடைக்கா?" என்று மட்டும் கேட்டார்.

நான் கூச்சல் போட்டதற்கு அடுத்த மாசம் ஜன்னலுக்குப் போனேன். அண்ணாச்சி எனக்கு வழிவிட்டுத் தள்ளி நின்றார். அக்கா வெள்ளை அட்டையை எடுத்தாள். கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, ஜென்மத்தில் முதல் தடவையாக, எனக்காகக் குரலை அடக்கப் பாடுபட்டாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"மாத்திரை... காலையில ஒண்ணு... ராத்திரி ஒண்ணு."

எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்கரை ஊர் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் வயசில் ஒருத்தி, புதுப் பூ வைத்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். அவர்களுக்குப் பின்னால் எனக்குத் தெரியாத முகங்கள் எவ்வளவோ.

"அக்கா, கேக்கல" என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்தாள்.

"வலிப்பு மாத்திரை! காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு! ஒரு வேளைகூட விடப்படாது! வேணுங்கவங்க இங்கன வாங்க, டப்பா நிறைய இருக்கு!"

ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். அம்மா சொன்னதை அன்றைக்கு நான் முழுசாகவே நம்பினேன்.